சனிக்கிழமை யாருக்கும் உடம்புக்கு வராது

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் பாளையங்கோட்டைக்காரர். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் வாரக்னபீல் என்ற சிற்றூரில் நர்ஸாக இருக்கிறார்.)

கே: சென்ற இதழில் ‘எங்கள் ஊரில் சனிக்கிழமை யாருக்கும் உடம்புக்கு வராது’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அப்படியே போய்விட்டீர்களே அக்கா, அது என்ன கதை? – ஒரு வாசகி, தேனி

ப: ஃபுட்பால் கதை. ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்ட் வரை சனிக்கிழமை என்றால் ஊரே ஓவல் என்கிற மைதானத்தில்தான் கிடக்கும். முதுகுவலிக்காரர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்து காட்டிவிட்டுப் போவார்கள். மூட்டுவலி ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள்ளும். நடுவில் எங்களிடம் வருவது மைதானத்திலிருந்து நேரே வரும் விரல், தோள்பட்டை, மூக்கு மட்டும்தான்.

இது நாம் பார்க்கிற கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 18 பேர், இரண்டு முனையிலும் நாலு நாலு கம்பம். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6, ஓரத்தில் போனால் 1. மற்ற விதிகளைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

கிளப்பின் பெயரே ஃபுட்பால்-நெட்பால் கிளப். காலையில் சிறுமிகளின் நெட்பால், சின்னப் பையன்களின் ஆட்டம், அப்புறம் ரிசர்வ்ஸ் என்ற இரண்டாம் அணி, இரண்டு மணிவாக்கில் சீனியர்ஸ். பாட்டி முதல் பேத்தி வரை எல்லாருக்கும் அங்கே ஏதோ ஒரு வேலை இருக்கும். ஓவலைச் சுற்றி வேலியோரமாகக் கார்களை உள்பக்கம் பார்த்து நிறுத்திவிட்டு, குளிருக்கு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே பார்க்கிறவர்கள் பாதிப் பேர். கோல் விழுந்தால் கைதட்டல் கேட்காது, ஹாரன்தான். காற்று எங்கள் பக்கம் அடித்தால், முதியோர் பிரிவில் படுத்திருக்கும் ஒரு தாத்தா ஹாரன் சத்தத்தை வைத்தே ஸ்கோர் சொல்லுவார். நம்ம பிள்ளைகள் போட்ட கோல் என்றால் சத்தம் நீளமாம், வந்தவர்கள் போட்டால் இரண்டே பீப்பாம்.

ஆட்டத்தைவிட இடைவேளைதான் எனக்குப் பிடிக்கும். கால்வாசி ஆட்டம் முடிந்து சைரன் ஒலித்ததும் வேலியைத் தாண்டி ஊர் உள்ளே இறங்கிவிடும். நடுவில் கோச் தன் அணியைக் கிழிகிழியென்று கிழிப்பார். அவரைச் சுற்றி ஆட்டக்காரர்கள், அவர்களைச் சுற்றி அப்பாக்கள், தாத்தாக்கள், இடுப்பில் குழந்தையோடு அம்மாக்கள், ஒன்றிரண்டு நாய்கள். யாரும் யாரையும் விலக்குவதில்லை. திட்டு வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நிற்கிற பையன்தான் திங்கட்கிழமை நம் வீட்டுக் குழாயை ரிப்பேர் பார்க்க வருவான். ‘நீ அந்தப் பந்தை அவனுக்குக் கொடுத்திருக்கணும்பா’ என்று குழாயடியிலும் அவனுக்குக் கிடைக்கும்.

இத்தனையையும் நடத்துவதற்குச் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. கிளப் அறைச் சுவரில் ஒரு ரோஸ்டர் தொங்கும். கேட்டில் காசு வாங்குவது, கேன்டீன், மணி பார்ப்பது, கடைசியில் கழிவறை கழுவுவது வரை எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு பெயர். என் வீட்டுக்காரருக்கு ஸ்கோர் பலகை. ஏணியில் ஏறி எண் மாட்டுவது. எனக்குக் கேன்டீன். இந்த ஊரில் குடியிருப்பதற்கு வாடகை, வரி போக மூன்றாவதாக இது ஒன்று உண்டு.

கே: ஒரு வாரம் முழுவதும் எப்படிப் போகிறது என்று சுருக்கமாக எழுதவும். – ஓய்வுபெற்ற ஆசிரியர், விருத்தாசலம்

ப: சுருக்கமாகவே சொல்கிறேன் சார். திங்கட்கிழமை, ஸ்காட் தெருக் கடைகளில் சனிக்கிழமை ஆட்டத்தை வாயாலேயே மறுபடி ஆடுவார்கள். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் பயிற்சி. இப்போது ஆகஸ்ட், ஆறு மணிவாக்கில் இருட்ட ஆரம்பித்துவிடும், விளக்கு வெளிச்சத்தில்தான் ஓடுவார்கள். வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் கிளப்பில் எல்லாருக்கும் சாப்பாடு, சனிக்கிழமைக்கான அணியை அங்கேதான் வாசிப்பார்கள். வெள்ளிக்கிழமை பப்பில் குலுக்கல். பரிசு ஒரு தட்டு நிறையப் பச்சை இறைச்சி. நாங்கள் சைவம். அப்படியும் ஒரு தடவை எங்கள் சீட்டுக்கே விழுந்து, பப்பே சிரித்து ஓய்ந்தது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம், அன்றிலிருந்து அவர்கள் வீட்டுக் கோழிகளின் முட்டை எங்கள் வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறது. சைவம் என்றால் முட்டையும் சாப்பிட மாட்டோம் என்பதை எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

சனிக்கிழமை மதியத்தோடு பெரும்பாலான கடைகள் மூடிவிடும். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போகிறவர்கள் போவார்கள். தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருப்பவர்கள் வண்டியைக் கிளப்பி, பம்ப் ஓடுகிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தீயணைப்புப் படையிலும் நம் குழாய்க்காரப் பையன் உண்டு. குப்பை வண்டி வருகிற நாளை மட்டும் மறக்கக் கூடாது. மறுசுழற்சிக் குப்பைக்கான மஞ்சள் மூடித் தொட்டி இந்த வாரமா அடுத்த வாரமா என்று சந்தேகம் வந்தால் தெருவின் முதல் வீட்டுப் பாட்டி எதை வெளியே வைத்திருக்கிறார் என்று பார்த்து வைப்போம். தெரு முழுக்க அதைத்தான் செய்கிறது.

கே: ஆஸ்திரேலியக் கிராமங்களில் டாக்டரே கிடையாது என்கிறார்களே, ராத்திரி நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வீர்கள்? – நர்சிங் மாணவி, மதுரை

ப: டாக்டரே கிடையாது என்பது சரியில்லை தங்கச்சி. ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிடத்துக்குள் இருக்க மாட்டார், அவ்வளவுதான். எங்களைப் போன்ற ஊர்களில் ஆஸ்பத்திரியும் முதியோர் இல்லமும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும். வாசல் பக்கம் ‘அர்ஜென்ட் கேர்’ என்று ஓர் அறை. மணி அடித்தால் கதவைத் திறப்பது நர்ஸ். முதலில் பார்ப்பதும் நர்ஸ்தான். ஈசிஜி எடுத்து, ஊசி வழி போட்டு, ஆஸ்பிரின் கொடுத்துவிட்டு டாக்டருக்குப் போன் போடுவோம். இப்போது இன்னொரு வசதியும் இருக்கிறது. மெல்பர்னிலிருந்து வீடியோவிலேயே நடக்கும் அவசரப் பிரிவு. டேப்லெட்டைக் கட்டில் பக்கம் நிறுத்தினால் அங்கே உட்கார்ந்திருக்கும் டாக்டர் நோயாளியோடு பேசுவார், நாம் அவருடைய கையாக இருக்க வேண்டும். மாரடைப்பு என்று உறுதியானால் இரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்தை இங்கேயே ஆரம்பித்து, ஆம்புலன்ஸில் ஹார்ஷம், தேவைப்பட்டால் பல்லாரட் வரை, இன்னும் மோசம் என்றால் விமானம்.

அதனால் இங்கே வர ஆசைப்படுகிறவர்கள் ஒரே துறையில் நிபுணராகி வருவதைவிட எல்லாவற்றிலும் கொஞ்சம் கைபழகி வருவது நல்லது. ஒரே ஷிப்டில் பச்சைக் குழந்தையின் காய்ச்சல், ஆட்டு ரோமம் கத்தரிப்பவரின் கைவெட்டு, விழுந்து இடுப்பு உடைந்த பாட்டி, மூன்றும் வரும். சிறிய ஊர்களில் வேலை செய்வதற்கென்றே தனிப் படிப்பு ஒன்று இருக்கிறது. அதை முடித்துப் பதிவு செய்த நர்ஸ், டாக்டர் வரும்வரை காத்திராமல் குறிப்பிட்ட சில மருந்துகளைத் தானே கொடுக்கலாம். நம் நாட்டில் படித்தவர்களில் பெரும்பாலோர் முதலில் என்க்ளெக்ஸ் என்ற கணினித் தேர்வு, அப்புறம் ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு, கூடவே ஆங்கிலத் தேர்வு, இத்தனையும் தாண்ட வேண்டும். ஏஜென்ட் யாராவது இதில் ஒன்றைக் குறைத்துத் தருகிறேன் என்றால் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடு.

கே: அவ்வளவு சின்ன ஊரில் நோயாளியின் ரகசியம் ரகசியமாக இருக்குமா? – ஒரு வாசகர், கரூர்

ப: இருக்கும், நடிக்கத் தெரிந்தால். கேன்டீனில் என் பக்கத்தில் நின்று வெங்காயம் வதக்குகிறவரின் எக்ஸ்ரேயை முந்தின நாள்தான் பார்த்திருப்பேன். அவராகவே சொல்ல ஆரம்பித்தால் ‘அப்படியா!’ என்று புதிதாகக் கேட்பதுபோல் கேட்பேன். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் இருவரும் அந்த நாடகத்தை ஒழுங்காக ஆடுவோம். மற்றபடி, என் கார் எந்த நேரத்தில் எந்தத் தெருவில் நின்றது என்பது ஊர்ச் சொத்து.

கே: கங்காரு பார்த்தீர்களா? – ஐந்தாம் வகுப்பு மாணவன், பழனி

ப: தினமும் பார்க்கிறேன் கண்ணா. விடியும்போதும் பொழுது சாயும்போதும் ரோட்டோரம் நிற்கும். அப்பாவிடம் சொல்லி வை: குறுக்கே குதித்தால் பிரேக்கை மிதிக்கணும், வண்டியை ஒடிக்கக் கூடாது. கங்காருவை இடித்தவர்களைவிட அதைத் தப்பவிட்டு மரத்தில் மோதியவர்கள்தான் எங்கள் அறைக்கு அதிகம் வருகிறார்கள்.

கே: இங்கே நாங்கள் தினம் சமைக்கும் மைசூர்ப் பருப்புப் பையில் ‘ஆஸ்திரேலியா’ என்று போட்டிருக்கிறது. உங்கள் பக்கத்துப் பருப்பா? – இல்லத்தரசி, யாழ்ப்பாணம்

ப: இருக்க நிறைய வாய்ப்பு உண்டு அம்மா. எங்களைச் சுற்றியிருக்கும் விம்மெரா சமவெளி, கோதுமை, பார்லியோடு மைசூர்ப் பருப்பும் விளையும் இடம். ஆஸ்திரேலியப் பருப்பில் பெரும்பங்கு இந்தப் பகுதியிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும்தான் விளைகிறது. மே மாதவாக்கில் விதைத்து, நவம்பர், டிசம்பரில் அறுக்கிறார்கள். செடி முழங்கால்கூட வராது. காய்கள் தரையை ஒட்டித் தொங்கும். அறுவடை இயந்திரத்தின் வாயை மண்ணோடு மண்ணாக இறக்கித்தான் ஓட்ட வேண்டும். நடுவில் கல் கிடந்தால் வாய் போச்சு. அதனால் விதைத்த கையோடு பெரிய இரும்பு உருளையை வயல் முழுக்க உருட்டி, கல்லையும் கட்டியையும் உள்ளே அழுத்திவிடுகிறார்கள். அறுக்கும்போது பறக்கிற பருப்புத் தூசி சுலபமாகத் தீப்பிடிக்கும். பருப்பு அறுவடை என்றால் தீயணைப்புக்காரர்கள் போனைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதை விளைவிக்கிறவர்கள் இதைச் சாப்பிடுவதில்லை. கேன்டீனில் சைவக்காரிக்குச் சாப்பிட ஒன்றும் இல்லை என்று நான் ஒரு குளிர்காலத்தில் பருப்பு சூப் வைக்கக் கேட்டேன். ‘பருப்பா? மூட்டையாக வேண்டுமா, லாரியாக வேண்டுமா?’ என்றார் வரிசையில் நின்ற ஒரு விவசாயி. மறுநாளே ஒரு வாளி நிறைய வந்து இறங்கியது, தோல் நீக்காமல், பழுப்பு நிறத்தில். இஞ்சி, பூண்டு, சீரகம், மிளகு தட்டிப் போட்டு, கடைசியில் எலுமிச்சை பிழிந்து வைத்தேன். அந்த மனிதர் கப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் முகர்ந்து பார்த்தார். அப்புறம் ஒரு வாய் குடித்துவிட்டு, ‘அப்பா காலத்திலிருந்து போடுகிறோம், இது இப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே’ என்றார். இப்போது ரோஸ்டரில் என் பெயருக்கு எதிரே ‘சூப்’ என்றே எழுதிவிட்டார்கள்.

விலை மட்டும் அவர்கள் கையில் இல்லை. நம் பக்கத்துப் பருவமழை பொய்த்தால் இங்கே விலை ஏறும், நன்றாகப் பெய்தால் இறங்கும். ஜூலை வந்தால் நம்மூர் மழைச் செய்தியை என்னைவிட அக்கறையாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். 2017 டிசம்பரில், இங்கே அறுவடை முடிகிற நேரத்தில், இந்தியா கொண்டைக்கடலைக்கும் மைசூர்ப் பருப்புக்கும் 30 சதவீத இறக்குமதி வரி போட்டது. நாங்கள் ஊருக்கு வந்த புதிது. பெட்ரோல் பங்கில் ஒருவர் மிகவும் மரியாதையாக வந்து, ‘இந்த வரி எப்போது எடுப்பார்கள் என்று உங்களுக்கு ஏதாவது தகவல் உண்டா?’ என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். நம் விவசாயிக்காகப் போட்ட வரி என்று அவருக்கு விளக்கிச் சொல்ல, ‘அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் கேட்டிருப்பேன்’ என்று சொல்லிவிட்டுப் போனார். பருப்பை விற்காமல் வருஷக்கணக்கில் கிடங்கில் வைத்திருந்தவர்கள் உண்டு.

கே: ஆறு ஓடாத ஊரில் தண்ணீருக்கு என்ன வழி? – விவசாயி, தஞ்சாவூர்

ப: யாரியாம்பியாக் என்று ஒரு ஓடை இருக்கிறது ஐயா, ஊருக்குள் அணை கட்டித் தேக்கி வைத்திருக்கிறார்கள், அழகுக்கும் மீன்பிடிக்கவும். பாசனம் கிடையாது, பயிரெல்லாம் வானம் பார்த்ததுதான். குடிக்கவும் ஆட்டுக்கும் தெற்கே கிராம்பியன்ஸ் மலை நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. முன்பு 17,500 கிலோமீட்டருக்குத் திறந்த மண் வாய்க்கால். குளிர்காலத்தில் திறந்துவிட்டு வருஷத்துக்கு ஒரு தடவை பண்ணைக் குட்டைகளை நிரப்புவார்கள். வழியிலேயே மண் குடித்ததும் வெயில் குடித்ததும் போக, வந்து சேர்வது கொஞ்சம்தான். பெரும் வறட்சியின்போது அத்தனையையும் மூடிவிட்டு, 2010-ல் ஏறக்குறைய 9,000 கிலோமீட்டர் குழாய் பதித்து முடித்தார்கள். தண்ணீர் மிச்சமானது உண்மை. வாய்க்காலில் குளித்து வளர்ந்தவர்கள் மட்டும் இன்னும் முனகுகிறார்கள். கடைமடைக்காரர் உங்களுக்கு அது புரியும்.

கே: சின்ன ஊருக்குப் போனால் உடனே பி.ஆர். கிடைக்கும் என்கிறார்கள். மகனை அனுப்பலாமா? – ஒரு தந்தை, கோவை

ப: உடனே என்பது இல்லை சார். நீங்கள் கேள்விப்பட்டது 491 விசாவாக இருக்கலாம். ஐந்து வருஷத்துக்குத் தருவார்கள், அதில் மூன்று வருஷமாவது ‘ரீஜனல்’ பகுதியில் இருந்து, வேலை பார்த்து, வரி கட்டிய பிறகு 191 என்ற நிரந்தர விசாவுக்கு மனு போடலாம். ஆனால் சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் தவிர மற்றதெல்லாம் ரீஜனல்தான். பெர்த்தும் அடிலெய்டும் அதில் சேரும். அதனால்தான் எங்கள் ஊருக்குக் கூட்டம் வருவதில்லை. மகன் விசாவுக்காக மட்டும் வருவதென்றால் அடிலெய்டே போதும். இங்கே வருவதென்றால் முதலில் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று விசாரிக்கட்டும், வேலை கிடைப்பதைவிட அது கஷ்டம்.

கே: பொங்கல் உண்டா? கோயில்? – ஒரு வாசகி, காரைக்குடி

ப: கோயில் என்றால் மெல்பர்னைத் தாண்டி கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில். போய்வர ஒரு நாள் போதாது. பொங்கல் கட்டாயம் உண்டு, ஆனால் ஜனவரி இங்கே கொதிக்கிற கோடை. 40 டிகிரியில் காற்றும் சேர்ந்தால் ‘முழுத் தீத்தடை’ அறிவித்துவிடுவார்கள். வாசலில் மூன்று கல் வைத்து விறகு மூட்டினால் போலீஸ் வரும். அப்படிப்பட்ட வருஷம் சமையலறை அடுப்பில்தான் பானை பொங்கும். கறிவேப்பிலைச் செடிக்கும் இதே பிரச்சினை, தலைகீழாக. கோடையில் வெளியே, பனி விழும் மாதங்களில் தொட்டியோடு வரவேற்பறையில்.

கே: உங்கள் ஊர்ப் பிரபலம் யாராவது? – ஒரு வாசகர், சேலம்

ப: ராக் பாடகர் நிக் கேவ் 1957-ல் இங்கேதான் பிறந்தார். பிறந்ததோடு சரி, வளர்ந்தது வேறு ஊர். வெளியூர்க்காரர்கள் வருவது அவருக்காக இல்லை, தானியக் குதிர்களில் வரைந்த ஓவியங்களுக்காக. வடக்கே பிரிம் என்ற குக்கிராமத்தில் குயிடோ வான் ஹெல்டன் என்ற ஓவியர் நாலு விவசாயிகளைக் குதிர் உயரத்துக்கு வரைந்தார். அதற்குப் பிறகு சுற்றுவட்டாரக் குதிர்கள் ஒன்றொன்றாகப் படம் பெற்றன.

கே: பாம்பு பயம் இல்லையா? – ஒரு வாசகி, தென்காசி

ப: குளிர்காலத்தில் அது தூங்கும், நாங்களும் தூங்குவோம். செப்டம்பரில் வெயில் ஏறினால் பழுப்புப் பாம்பு வெளியே வரும். இங்கே கடித்த இடத்தைக் கழுவாமல், கை காலை அசைக்காமல், எலாஸ்டிக் பேண்டேஜால் முழுவதும் இறுக்கிச் சுற்றிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்கிறோம். இந்தக் கட்டு ஆஸ்திரேலியப் பாம்புகளுக்குத்தான். நம்மூர் விரியன் கடித்த இடத்தை இறுக்கினால் சதையே அழுகிப்போகலாம். அங்கே மரச் சட்டத்தை அணை கொடுத்து, இறுக்காமல், அசையாமல் வைத்து நேரே 108. கீறுவதும் உறிஞ்சுவதும் இரண்டு நாட்டிலும் கூடாது.

கே: இவ்வளவு ஓசி வேலை எதற்கு? முடியாது என்று சொன்னால் என்ன ஆகும்? – ஐ.டி. ஊழியர், சென்னை

ப: ஒன்றும் ஆகாது தம்பி, யாரும் முகம்கூடச் சுளிக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் பக்கத்து கிளப் ஒன்றின் பெயரைப் பாருங்கள்: மின்யிப்-முர்டோவா. இரண்டு ஊர்ப் பெயர். ஒரு காலத்தில் தனித்தனியாக மோதிக்கொண்டவர்கள். பண்ணைகள் பெரிதாகி, குடும்பங்கள் குறைந்து, ஆள் போதாமல் சேர்ந்தார்கள். அதே கொஞ்சம் பேர்தான் தீயணைப்பு, கிளப், பள்ளிக்கூடக் கமிட்டி எல்லாவற்றையும் இழுக்கிறார்கள், களைத்தும் போகிறார்கள். இதையெல்லாம் ‘கிராமத்து ஒற்றுமை’ என்று படம் பிடித்துப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். இந்தப் பக்கம் வருகிற வாசகர்கள் யாராவது இருந்தால் சனிக்கிழமை காலை எட்டரைக்கே வந்துவிடுங்கள். கேட்டில் காசு வாங்க இந்த வாரமும் ஆள் இல்லை.